மீசையம்மா குடியிருந்த தெரு

ஒருவர் தெலுங்கில் ஏசினால் மற்றவர் கன்னடத்தில் பதில் கொடுக்க, நடுவே நிற்பவர் தமிழில் சமாதானம் செய்து இருவரையும் தேநீர்க் கடைக்கு அழைத்துச் செல்லும் ஓசூரில், ஆலைச் சங்கு ஊதியதும் பாதிப் பேர் எழுந்து மீதிப் பேர் உறங்கப் போகும் அந்த ஊரில், தூர்ந்த ஏரியின் மேல் கல் நட்டு விற்ற சுகசாந்தி லேஅவுட்டின் மூன்றாம் குறுக்குத் தெருவில், ஆவுடையம்மாள் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் மொட்டை மாடியில் கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த திருஷ்டி பொம்மை, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தானே கட்டை அவிழ்த்துக்கொண்டு இறங்கி வந்து தெருக்குழாயடியில் கால் கழுவியது.

முதலில் கண்டவர் தேநீர்க் கடை குஞ்ஞுமோன். பாலக்காட்டிலிருந்து வந்து தெருமுனையில் கடை போட்டவர். அதிகாலையில் பணிமுடித்து வருகிறவர்களின் முகங்களைப் பார்த்துப் பார்த்து எதற்கும் வியக்காத நிலைக்கு வந்துவிட்டவர். பொம்மை கடையின் முன்னால் வந்து நின்றபோது, சர்க்கரை போடவா வேண்டாமா என்று மட்டும் கேட்டார். பொம்மை தன் மண்சட்டி முகத்தை இடமும் வலமும் ஆட்டவே, சர்க்கரையில்லாத தேநீர் ஒன்றை ஆற்றி வைத்தார். அது குடிக்கவில்லை. ஆவி அடங்கும் வரை கோப்பையின் மேல் குனிந்திருந்துவிட்டு, வந்த வழியே திரும்பி மாடிக்கு ஏறிப்போயிற்று. அன்று முதல் நாள்தோறும் ஒரு கோப்பை அதற்கென்று மாடிக்குப் போனது.

பொம்மையின் உடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டடத்துக்குக் கண்ணேறு படாமலிருக்க வைக்கோல் திணித்த உருவம் ஒன்றை நிறுத்துவதும், அதற்கு அந்த வீட்டு ஆண்மகனின் பழைய சட்டையையும் கால்சட்டையையும் மாட்டிவிடுவதும் எல்லாரும் அறிந்த வழக்கம். மேஸ்திரி முனிராஜ் அந்த வழக்கப்படிதான் கேட்டார். ஆவுடையம்மாளின் வீட்டில் ஆண்மகன் இல்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் தொழிற்பயிற்சிக்கு வந்து, வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் ஆலையொன்றில் தரப் பரிசோதனைப் பிரிவுக்கு மேற்பார்வையாளராக உயர்ந்து, தம்பி தங்கையரைக் கரையேற்றி முடித்தபோது தனக்கென்று ஒரு திருமணம் செய்துகொள்ள மறந்திருந்தவள் அவள். வெளுத்துப்போன தன் ஆலைச் சீருடையைக் கொண்டுவந்து மேஸ்திரியிடம் நீட்டினாள்.

"பொம்பள சட்டைய மாட்டி நான் பாத்ததில்லையே, மேடம்."

"வீடு கட்டுறவங்க சட்டைதான வேணும்? கட்டுறது நான்தான்."

முனிராஜ் தலையைச் சொறிந்தார். பிறகு, கண்ணு வைக்கிறவன் சட்டை யாருதுன்னு விசாரிச்சிட்டா வைக்கப்போறான் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு சீருடையை மாட்டிவிட்டார். ஆனாலும் மனம் ஒப்பாமல், சட்டிமுகத்தில் காதுவரை நீளும் மீசை ஒன்றையும் கரியால் வரைந்துவிட்டார். இறங்கி நடந்த பொம்மைக்குத் தெரு வைத்த பெயர் மீசையம்மா. தெலுங்கு பேசியவர்கள் அம்மா என்பதை அழுத்தினார்கள். ஒடிசாவிலிருந்து வந்து ஓரறையில் பலராகத் தங்கியிருந்த இளைஞர்கள் மா என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். எந்த மொழியில் அழைத்தாலும் அது திரும்பிப் பார்த்தது.

மாலை நேரங்களில் மீசையம்மா தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துவிட்டு வரும். நடக்கையில் வைக்கோல் உதிரும். உதிர்ந்ததைப் பெண்கள் பெருக்கியெடுத்து, மறுபடி அதன் கைச்சந்தில் திணித்துவிட்டார்கள். போதாத இடத்துக்குத் தச்சர் நவாஸ் தம் பட்டறையின் இழைப்புச் சுருளைக் கொண்டுவந்தார். குஞ்ஞுமோன் தேங்காய் நாரைக் கொடுத்தார். நோன்புக் கஞ்சியும் சங்கராந்தி எள்ளும் ஓணத்துப் பூவும் தவறாமல் மாடிக்கு ஏறின. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அதற்கொரு நாற்காலி போடப்பட்டது. தண்ணீர் லாரி எந்த நாளில் வரவேண்டும் என்பதைப் பற்றி வழக்கமாக நடக்கும் சண்டை அது வந்து உட்கார்ந்த பிறகு நின்றுபோயிற்று. வரி விதிக்க வந்த அலுவலர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்து, உண்ணாதவரைக் குடியிருப்பவராகக் கணக்கில் எடுக்க விதியில் இடமில்லை என்று அறிவித்து, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செய்தி வேறு. அந்தத் தெருவில் யாருடைய விரலும் இயந்திரத்துக்குப் போகாமலாயிற்று. ஆலைகள் நிறைந்த ஊரில் அழுத்துப்பொறி ஆண்டுக்குச் சிலருடைய விரல்களை வாங்கிக்கொள்ளும். பக்கத்துத் தெருக்களில் அது அப்போதும் வாங்கிக்கொண்டுதான் இருந்தது. மூன்றாம் குறுக்குத் தெருக்காரன் கையை வைத்தால் பொறி ஒரு மூச்சு தயங்கியது. மின்சாரம் ஏறி இறங்கியபோது மற்றத் தெருக்களில் மோட்டார்கள் கருகின. இங்கே ஒரு விளக்குகூடச் சிமிட்டவில்லை. ஆவுடையம்மாளின் பக்கத்து மனைக்காரியும் ஆலைத் தோழியுமான நாகவேணிக்குத் தேஜு என்று ஒரு மகள். கைக்குழந்தையாக இருந்தபோதே வலிப்பு கண்டவள். மீசையம்மா இறங்கி நடந்த நாளிலிருந்து அந்தக் குழந்தைக்கு வலிப்பு வரவில்லை என்றார்கள்.

அந்த மனையை ஆவுடையம்மாளுக்குக் காட்டியவளே நாகவேணிதான். வாடகை வீடுகளில் ஆவுடையம்மாள் பட்டதையெல்லாம் ஆலைப் பேருந்தின் பக்கத்து இருக்கையில் அமர்ந்து ஆண்டுக்கணக்காகக் கேட்டவள் அவள். ஒரு வீட்டுக்காரர் மீன் சமைப்பீர்களா என்று கேட்டார். இன்னொருவர் சொந்த ஊரைக் கேட்டு, தந்தை பெயரைக் கேட்டு, குலதெய்வத்தைக் கேட்டு, தாம் எதிர்பார்த்த பதில் வரும் வரை கேட்டுக்கொண்டே போனார். துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்காதவர் ஒருவருமில்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதில் மட்டும் எல்லா மொழிக்காரர்களும் ஒன்றுபட்டிருந்தார்கள். "அக்கா, எங்க பக்கத்து மனை சும்மாதான் கிடக்குது. நீங்க வாங்கினா நடுவுல சுவரே வேணாம். ஒரு கதவு வெச்சுக்கலாம், இந்தப் பக்கம் தோச, அந்தப் பக்கம் சட்னி" என்று நாகவேணி சொன்ன அன்று ஆவுடையம்மாள் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டாள்.

வீடு எழும்பிய காலம் அவள் வாழ்வில் மிக நிறைந்த காலமாக இருந்தது. கூரைக்குக் கலவை போட்ட நாளில் ஒடியா இளைஞர்கள் கூப்பிடாமலேயே வந்து கலவைச் சட்டிகளைக் கைமாற்றி ஏற்றினார்கள். அவள் பணிக்குப் போன நாட்களில் தெருப்பெண்கள் முறை வைத்துச் சுவருக்கு நீர் ஊற்றினார்கள். அவளும் சும்மா இருந்தவளல்லள். அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கேட்டு வாசலில் நின்றவள் அவள். கழிவுநீர் தெருவில் தேங்கியபோது நகராட்சி அலுவலகத்துக்குத் தன் விடுப்பில் போய்ச் சண்டையிட்டவள் அவள்.

ஆனால் மீசையம்மா நடக்கத் தொடங்கிச் சில மாதங்கள் ஆன பிறகு வீடு நகரவில்லை. முனிராஜ் தம் ஊர்த் திருவிழாவுக்குப் போய் வரத் தாமதித்தார். வந்தபோது மணல் வரவில்லை. மணல் வந்தபோது பூச்சுக்காரருக்குக் காய்ச்சல். பதித்த தரைக்கல் சமமாக இல்லையென்று பெயர்க்கப்பட்டது; பெயர்த்த கல் மீண்டும் பதிக்கப்படாமல் மூலையில் அடுக்கப்பட்டது. தலைவாசல் கதவுக்கு வாங்கிய தேக்கு இன்னும் ஈரமாக இருக்கிறது, இப்போது இழைத்தால் பின்னால் வளையும் என்று நவாஸ் சொன்னார். ஒரு மழைக்காலம் போய் மறு மழைக்காலம் வந்தபோதும் அதையே சொன்னார். ஒவ்வொரு தாமதத்துக்கும் தெரு அவளோடு சேர்ந்து வருந்தியது. ராகிக் களியும் கீரைக் குழம்புமாக நாகவேணி ஓடிவருவாள். "எதுக்குக்கா அவசரம், வீடு எங்க ஓடிடப்போவுது" என்று அவள் தோளைத் தடவுவாள். வீட்டுக்கு ராசி இல்லாவிட்டாலும் அண்டை அயலாருக்கு ராசி இருக்கிறதே என்று ஆவுடையம்மாள் மனத்தைத் தேற்றிக்கொண்டாள். ஆலையில் ஓர் உதிரிப்பாகத்தில் மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் விரல் நுனியால் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுகிறவள், தன்னைச் சுற்றி நின்ற முகங்களை ஒருபோதும் தடவிப் பார்த்ததில்லை.

அவள் வாடகைக்குக் குடியிருந்த லைன் வீடுகளை இடித்துத் தொழிலாளர் விடுதி கட்டப்போவதாகவும், மாத முடிவுக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டுமென்றும் வீட்டுக்காரர் சொல்லியனுப்பியபோதுதான் விஷயம் முற்றியது. மறுபடியும் எவனோ ஒருவனின் வாசலில் நின்று தந்தை பெயரைச் சொல்ல அவளுக்கு உடம்பில் தெம்பில்லை. பூச்சு இல்லாவிட்டால் போகட்டும், தரை இல்லாவிட்டால் போகட்டும், கதவு ஒன்று இருந்தால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, வார விடுமுறையன்று சொல்லாமல் கொள்ளாமல் நவாஸின் பட்டறைக்குப் போனாள்.

கதவு அங்கே இருந்தது. அவள் கேட்டிருந்த தாமரை மொட்டுகள் செதுக்கி, மெருகு பூசி, கைப்பிடி பொருத்தி, சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மேலே படிந்திருந்த மரத்தூளில் எலியின் கால்தடம் ஓடியது.

நவாஸ் பொய் சொல்லத் தெரிந்தவரல்லர். இத்தனை நாள் சொன்ன ஒரே பொய்யையும் தரையைப் பார்த்தே சொல்லிவந்தவர். இப்போதும் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

"போன ரம்ஜானுக்கு முன்னாடியே முடிஞ்சுது மேடம்."

"யார் சொல்லி வெச்சிருக்கீங்க, பாய்?"

"எல்லாருந்தான்." பிறகு, அவள் நகராமல் நிற்பதைக் கண்டு, "மொதல்ல வந்தது நாகவேணி" என்றார்.

நாகவேணி கொல்லையில் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்தாள். தோழியின் முகத்தையும் அவள் புடவையில் ஒட்டியிருந்த மரத்தூளையும் பார்த்ததுமே எழுந்துகொண்டாள், மறுக்கவில்லை. நடந்ததை அவளே சொன்னாள். சன்னல்கள் பொருத்திய அன்று, ஆவுடையம்மாள் பணியில் இருந்தபோது, மீசையம்மா தெருக்கோடிக்குப் போய் நின்று, எதிர் லேஅவுட்டில் யாரோ புதிதாக வீடு கட்ட வானம் தோண்டுவதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாம். வீடு முடிகிற வாசனை அதற்குத் தெரிந்துவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்களாம். பால் காய்ச்சுகிற நாளில் திருஷ்டி பொம்மையை அகற்றிவிடுவதுதானே முறை. முடியாத வீட்டுக்குத்தானே அதன் காவல். அன்று மாலையே, நின்றுபோயிருந்த வலிப்பு தேஜுவுக்கு மறுபடி வந்தது. மறுநாள் முனிராஜை அழைத்துப் பேசினார்கள். ஒரு சன்னலைக் கழற்றினார்கள். மீசையம்மா திரும்பி மாடிக்கு வந்தது. அதன்பிறகு வீடு முடியாமல் பார்த்துக்கொள்வது தண்ணீர் பிடிப்பதைப் போலத் தெருவின் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது.

அந்தச் சன்னலில் கறையான் வந்திருக்கிறது என்று தனக்குச் சொன்னதும், அதை நம்பித் தான் வருந்தியதும் ஆவுடையம்மாளுக்கு நினைவுக்கு வந்தன.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, நாகு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்கக்கா."

"அப்புறம் என்ன?"

"அதாங்க்கா பயம். நீங்க உங்க வீட்டயே எங்களுக்காக நிறுத்தி வெச்சா, சாகிற மட்டும் உங்க முகத்தப் பாக்கறப்பல்லாம் நாங்க கூனிக் குறுகி நிக்கணும். கேக்காம விட்டதால தப்பெல்லாம் மழ மேல போச்சு, மேஸ்திரி மேல போச்சு. நீங்களும் சிரிச்சிட்டே வந்தீங்க, நாங்களும் சிரிச்சிட்டே இருந்தோம்." நாகவேணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்குக் குழந்த இருக்குதுக்கா. உங்களுக்கு இல்ல. உங்களுக்குச் சொன்னாலும் புரியாது."

இரண்டு வீடுகளுக்கும் நடுவே, என்றோ ஒரு கதவு வைக்கலாம் என்று சுவரெழுப்பாமல் விட்டிருந்த வெளியின் வழியாக ஆவுடையம்மாள் தன் மனைக்கு வந்தாள். கைப்பிடி இல்லாத படிகளில் மாடிக்கு ஏறினாள். மீசையம்மா சுற்றுச்சுவரில் உட்கார்ந்து கால்களை வெளியே தொங்கவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தது. அவள் அதன் அருகே தரையில் அமர்ந்தாள். தெரு முழுவதும் சேர்ந்து திணித்த பொம்மை அது. அதன் இடது தோளில் பிதுங்கியிருந்த துணித்துண்டு நாகவேணியின் பழைய ரவிக்கை என்பது அவளுக்குத் தெரிந்தது. வைக்கோலின் மேல் கோபப்பட அவளால் முடியவில்லை.

நெடுநேரம் கழித்துத்தான், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தாள். சுற்றுச்சுவரின் கடைசி வரிசையை முனிராஜ் ஒரு மூலையில் முடிக்காமல் விட்டிருந்தார். அந்தச் சிறிய இடைவெளியில்தான் மீசையம்மா உட்கார்ந்திருந்தது. சுவரின் மேற்புறம் எங்கும் தூசி படிந்திருக்க, அந்த ஓரிடம் மட்டும் வைக்கோல் உராய்ந்து உராய்ந்து வழவழத்திருந்தது. அது வேறெங்கும் உட்கார்ந்ததில்லை. ஆவுடையம்மாள் தன் கையால் அந்த இடத்தை அளந்தாள். இரண்டு செங்கல் வைக்கிற இடம்.

சன்னலைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை, தரையைப் பெயர்க்க வேண்டியிருக்கவில்லை, அவள் கதவை நிறுத்திவைக்கவும் வேண்டியிருக்கவில்லை. இரண்டு செங்கல் குறைந்திருந்தால் போதும், இந்த வீடு என்றென்றும் முடியாத வீடு. கேட்டிருந்தால், ஏறி வந்தவர்கள் கூர்ந்து பார்த்திருந்தால், பார்க்க நினைத்திருந்தால், இரண்டு மழைக்காலங்களுக்கு முன்பே எல்லாருக்கும் எல்லாமும் கிடைத்திருக்கும். தன்னிடமிருந்து எவ்வளவு எடுத்தார்கள் என்பதைவிட, எவ்வளவு சிறியதற்காக எடுத்தார்கள் என்பதை அறிந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மீசையம்மா கால்களை ஆட்டுவதை நிறுத்திக்கொண்டது.

மறுநாள் காலை அவள் முனிராஜை வரவழைத்து, எல்லாம் தெரியும் என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, வேலையைத் தொடங்கச் சொன்னாள். வராதிருந்த மணல் வந்தது, காய்ச்சல்காரர் நலமடைந்தார், தரைக்கல் முதல் முறையிலேயே சமமாகப் படிந்தது. நவாஸ் கதவைத் தாமே வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, பொருத்திவிட்டுப் போனார். நடுவிலிருந்த வெளியை அடைத்துச் சுவர் எழுப்பச் சொன்னபோது முனிராஜ் ஒரு கணம் தயங்கினார், பிறகு எழுப்பினார். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது. அந்த வேகத்தைப் பார்ப்பதுதான் அவளுக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது.

இறுதியில் அவர் மாடிக்கு ஏறி, மூலையில் எஞ்சியிருந்த இரண்டு செங்கற்களைக் கையிலெடுத்தார்.

"அத வைங்க கீழ."

"மொகப்புல கொறையா தெரியும், மேடம்."

"தெரியட்டும்."

பிறகு குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு, ஒரு வீடு விடாமல் போய்ப் பால் காய்ச்சுவதற்கு முறைப்படி அழைத்தாள். தெலுங்குக்காரர் வீட்டில் தெலுங்கிலும் கன்னடக்காரர் வீட்டில் கன்னடத்திலும் அழைத்தாள். வரமாட்டேன் என்று சொல்ல யாருக்கும் வாயில்லை. நாகவேணியின் வாசலிலும் நின்றாள். நெற்றியில் குங்குமம் வைத்தாள்.

பால் காய்ச்சிய அன்று கூடம் நிறைந்திருந்தது. ஆனால் பாலைப் பார்த்தவர் ஒருவருமில்லை. எல்லாரும் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால் விளிம்புக்கு ஏறியபோது மாடியில் காலடி கேட்டது. சரசரவென்று அது ஒரு கோடிக்குப் போயிற்று. நாகவேணி தேஜுவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஒடியா இளைஞர்கள் தங்கள் விரல்களை மடக்கி உள்ளங்கைக்குள் ஒளித்துக்கொண்டார்கள். பால் பொங்கி வழிந்து அடுப்பை நனைத்தது. காலடி திரும்பி வந்தது. பழைய மூலையில் நின்றது. உட்காருகிற ஓசை கேட்டது. கூடத்தில் அத்தனை மூச்சும் ஒரேசமயத்தில் வெளியே வந்தது.

ஆவுடையம்மாள் அப்போதுதான் பேசினாள். உரக்கவும் இல்லை, கசப்பாகவும் இல்லை. வருகைப்பதிவு வாசிப்பவளைப் போலச் சொன்னாள்.

"மேல ரெண்டு கல் வைக்காம விட்டிருக்கேன். அது போகாது. என் வீடு முடிஞ்சிடுச்சு, உங்களுக்காக முடியாமலும் இருக்கு. இத நான் குடுக்குறேன். யாரும் எடுத்துக்கல. சாப்பிட உக்காருங்க."

அவளே எல்லாருக்கும் பரிமாறினாள். யாரும் மறுசோறு கேட்கவில்லை. இலையில் மீதம் விடவும் யாருக்கும் துணிவில்லை. பந்தியின் கடைசி இலையில் நாகவேணி இருந்தாள். "அக்கா, மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்று குனிந்தபடியே கேட்டாள்.

"பாயசம் இன்னும் ஒரு கரண்டி போடட்டுமா?" என்றாள் ஆவுடையம்மாள்.

அதன்பின் தெருவில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. பணிக்குப் போகிறவர்களும் பள்ளிக்குப் போகிறவர்களும் அந்த வீடு வந்ததும் தலையை நிமிர்த்தி மாடியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, அதே நிமிர்ந்த தலையோடு வாசலைக் கடந்து போய்விடுவார்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கூடத்தில் அமர்ந்திருந்த ஆவுடையம்மாளின் கண்ணைச் சந்திக்க வேண்டியிராத வழி அது. அவளுக்கு அது புரிவதற்குச் சில நாட்கள் ஆயின. புரிந்த அன்று, காலைச் சங்கு ஊதுவதற்கு முன்னால் அவள் கதவைச் சாத்திக்கொண்டு மாடிக்கு ஏறினாள். சுற்றுச்சுவரில் மீசையம்மாவுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்ட அமர்ந்தாள்.

தெரு எழுந்து வந்தது. குஞ்ஞுமோன் கோப்பையோடு நிமிர்ந்தார். நவாஸ் நிமிர்ந்தார். தேஜுவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த நாகவேணி பழக்கத்தில் கும்பிடக் கையை உயர்த்தி மேலே பார்த்தாள். அங்கே கரிமீசையிட்ட சட்டிமுகத்தின் அருகே, இமைக்காமல் தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் இன்னொரு முகத்தைக் கண்டாள். கும்பிடாமல் போகவும் முடியவில்லை, கையைத் தாழ்த்தவும் முடியவில்லை. ஆவுடையம்மாள் தலையசைக்கவில்லை; முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. கடைசி ஆள் கும்பிட்டுப் போகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் வந்து உட்கார்ந்தாள்.